கொசுவுக்கு மாநகராட்சியை மட்டும் திட்டிப் பயனில்லை: என் அனுபவம்

எங்கள் தெருவில் கொசுப் பேச்சு எடுத்தாலே அது நேராக மாநகராட்சியில்தான் போய் நிற்கும். புகை அடிக்க வரவில்லை, சாக்கடை அள்ளவில்லை. குறை நியாயம்தான். ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் வீட்டில் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் பெருகும். அதிக தூரமும் பறக்காது. பகலில் நம்மைக் கடிப்பது நம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்ததாகத்தான் இருக்கும்.

அதனால் டார்ச்சை எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று சுற்றினேன். ஃபிரிட்ஜுக்குப் பின்னால், கம்ப்ரசர் மேல் இருக்கும் தட்டில் தேங்கிய தண்ணீரில் கொசுப் புழுக்கள் தலைகீழாகத் தொங்கின. வெளிச்சம் பட்டதும் நெளிந்து அடியில் இறங்கின. மணி பிளான்ட் பாட்டிலிலும் இதே கதை.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்தை ஒட்டி உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும்; காய்ந்தாலும் மாதக்கணக்கில் தாங்கும், மறுபடி தண்ணீர் பட்டால் பொரியும். நார் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும் என்பதால் ஞாயிறுதோறும் இந்த வேலை. மாடித் தொட்டி மூடியின் இடுக்கில் வலைத்துணி கட்டினேன். பழைய டயரைத் தூக்கிப் போட்டேன்.

அப்புறம் பக்கத்து வீட்டு அக்காவிடம், “ஃபிரிட்ஜ் தட்டைக் கொஞ்சம் பாருங்களேன் அக்கா” என்றேன். அங்கேயும் புழு. இப்போது பகல் கடி வெகுவாகக் குறைந்திருக்கிறது. சாக்கடைக்கு இருவருமாக மனு கொடுத்திருக்கிறோம். அது மாநகராட்சி செய்ய வேண்டிய வேலை.