அழிக்க மனம் வராத கரும்பலகை: சாக்பீஸ் ஓவியத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாற்றுக் கல்விப் பள்ளி ஒன்றில் நான் ஆசிரியராகச் சேர்ந்த முதல் வருடம். இரண்டாம் வகுப்புக்கு யானைக் கதை ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பள்ளிக்குப் போய், மூன்று மணி நேரம் நின்று கரும்பலகை நிறைய ஒரு யானை வரைந்தேன். மறுநாள் காலை உள்ளே நுழைந்த பிள்ளைகள் "ஐ!" என்று வாசலிலேயே நின்றுவிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கணக்கு. பலகை வேண்டும், யானையை அழிக்கவோ மனம் வரவில்லை. தும்பிக்கைக்குக் கீழே ஒரு கை அகலத்துக்கு இடம் இருந்தது. அதில் பொடிப்பொடியாகக் கூட்டல் கணக்குகளை எழுதிப் போட்டேன். கடைசி வரிசைப் பையன் ஒருவன் 8 இருந்த இடத்தில் 6 எழுதிக்கொண்டு வந்தான். "அக்கா, நீங்க அப்படித்தான போட்டிருக்கீங்க?" என்றான். தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது. அந்த யானை இரண்டு வாரம் அங்கேயே நின்றது. முதல் வாரம் முடிந்த பிறகு ஒரு பிள்ளையும் அதை நிமிர்ந்து பார்த்ததாக நினைவில்லை.

பாடத்துக்காக வரைந்த படம் எப்போது காட்சிப்பொருளாகிறதோ, அப்போதே தவறு தொடங்கிவிடுகிறது. கீழே சொல்லப்போகும் பலவும் இதிலிருந்து கிளைத்தவைதான்.

வகுப்பறையில் வண்ணச் சாக்பீஸ் ஓவியம் என்ற வழக்கத்தைப் பரவலாக்கியவை வால்டார்ஃப் பள்ளிகள். 1919 செப்டம்பரில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் முதல் பள்ளி தொடங்கியது. வால்டார்ஃப்-அஸ்டோரியா சிகரெட் தொழிற்சாலையை நடத்திய எமில் மோல்ட், தன் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்று கேட்க, ஆஸ்திரியச் சிந்தனையாளர் ருடால்ஃப் ஸ்டைனர் அதை உருவாக்கினார். 256 பிள்ளைகள், 8 வகுப்புகள். இந்தப் பள்ளிகளில் ஒரே பாடத்தை மூன்று நான்கு வாரம் தினமும் காலையில் தொடர்ந்து நடத்துவார்கள். பலகைப் படம் அந்தப் பாடத்தோடு வரும், அந்தப் பாடத்தோடு போகும். ஸ்டைனர் பெரியவர்களுக்கு உரையாற்றும்போது பலகையில் போட்ட படங்களும் முதலில் அழிந்துகொண்டுதான் இருந்தன. பிறகு பலகைமேல் கறுப்புத் தாளை ஒட்டி அதில் வரைய வைத்தார்கள். அப்படித் தப்பியவை ஆயிரத்துக்கும் மேல், சுவிட்சர்லாந்தின் டோர்னாக்கில் பத்திரமாக இருக்கின்றன. இணையத்தில் அவற்றைப் பார்த்துவிட்டு வகுப்பறைப் படத்தையும் காப்பாற்றி வைக்க வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நம் வாசலில் காலையில் போட்ட கோலம் மத்தியானத்துக்குள் கால் பட்டுக் கலைந்துபோகிறது. மறுநாள் தண்ணீர் தெளித்துப் புதிதாகப் போடுகிறோம். கரும்பலகைக்கும் அந்த மனம் வேண்டும்.

அடுத்த தவறு, முழுப் படத்தையும் முதல் நாளே முடித்து வைப்பது. எல்லாவற்றையும் முதல் நாளே காட்டிவிட்டால் பிள்ளைக்குக் காத்திருக்க எதுவும் இல்லை. மழைக்காலம் பற்றிப் பாடம் என்றால், நான் இப்போது திங்கட்கிழமை வறண்ட குளத்தையும் ஒரு பனைமரத்தையும் மட்டும் வரைகிறேன். மறுநாள் மேகம். அதற்கடுத்த நாள் கதையில் மழை பெய்யும்போது, சாக்பீஸைப் படுக்க வைத்து மேலிருந்து கீழே இழுத்தால் அவர்கள் கண்ணெதிரே மழை இறங்கும். போன முறை ஒரு சிறுமி செவ்வாய்க்கிழமையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள்: "அக்கா, குளத்துல தண்ணி எப்ப வரும்?" வியாழக்கிழமை நீலம் தீட்டியபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! மூன்று மணி நேர யானை அந்த வேலையைச் செய்யவே இல்லை.

சாக்பீஸின் முனையால் கோடு போட்டு உள்ளே நிரப்புவதும் பலருக்குப் பழகிப்போன தவறு. அது தாளில் பென்சிலால் செய்கிற வேலை. பலகையில் சாக்பீஸை ஒன்றரை அங்குலத்துக்கு உடைத்து, பக்கவாட்டில் வைத்து மெல்லத் தேய்த்துப் பாருங்கள். நிறம் பனி மாதிரி படியும். அதன்மேல் இன்னொரு நிறம், அப்புறம் இன்னொன்று. மரமோ மலையோ அந்த நிறங்களுக்குள்ளிருந்து தானே உருவாகி வரும். விரலால் குழைக்காதீர்கள். கையின் எண்ணெய்ப் பசை பட்டு நிறம் மங்கிவிடும்.

கறுப்பின்மேல் எல்லா நிறமும் எடுக்காது. வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு பளிச்சென்று தெரியும். அடர்நீலமும் பழுப்பும் கடைசி வரிசைக்குப் போய்ச் சேராது. நீலம் வேண்டுமென்றால் அடியில் வெள்ளையை லேசாகப் பூசிவிட்டு அதன்மேல் தீட்டுங்கள். எழுத்து எப்போதும் வெள்ளை அல்லது மஞ்சள். "சிவப்பில் இருப்பது பெயர்ச்சொல், பச்சையில் இருப்பது வினைச்சொல்" என்று நிறத்தை மட்டும் நம்பிப் பாடம் நடத்துவது ஆபத்து. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத பிள்ளை உங்கள் வகுப்பிலேயே இருக்கலாம், பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் இது மிக அதிகம். தனக்கு அப்படி இருப்பது அந்தப் பிள்ளைக்கே தெரியாமலும் இருக்கலாம். அடிக்கோடு, வட்டம் என்று இன்னொரு அடையாளமும் சேர்த்துக் கொடுங்கள்.

பலகையைவிட எனக்கு அதிகம் கவலை தருவது சுவர். மாற்றுப் பள்ளி என்றால் வண்ணமயமாக இருக்க வேண்டும் என்று பெற்றோரும் எதிர்பார்க்கிறார்கள், நாமும் சார்ட், தோரணம், கார்ட்டூன் என்று ஓர் அங்குலம் விடாமல் ஒட்டுகிறோம். 2014-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 24 மழலையர் வகுப்புப் பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். அலங்காரம் நிறைந்த அறையில் பாட நேரத்தில் 38.6 சதவீதம் கவனம் வேறெங்கோ போனது, வெறும் சுவர் உள்ள அறையில் 28.4 சதவீதம். பாடத்துக்குப் பிந்தைய தேர்வில் அலங்கார அறையில் 42 சதவீதம் சரியான விடைகள், வெறும் சுவர் அறையில் 55. சிறிய ஆய்வுதான். ஆனாலும் வகுப்பில் நான் தினமும் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. பலகை பேச வேண்டுமென்றால் அதைச் சுற்றியுள்ள சுவர் சும்மா இருக்க வேண்டும்.

வால்டார்ஃப் பள்ளிகளின் சுவர்களும் வண்ணம் பூசியவைதான். ஆனால் அங்கே வெள்ளைச் சுவர்மேல் நீர்த்த நிறத்தை மெல்லிய அடுக்குகளாகப் பூசுவார்கள். லசூர் என்று பெயர். பெரும்பாலும் சின்ன வகுப்புகளுக்கு இளஞ்சிவப்பு போன்ற வெதுவெதுப்பான நிறங்கள், வகுப்பு ஏற ஏற மஞ்சள், பச்சை வழியாக நீலத்துக்குப் போகும். கண்ணை உறுத்தாத அழகு அது. அதற்காக நிறத்தை மருந்தாக்கிவிடக் கூடாது. துறுதுறுவென்று இருக்கும் பிள்ளையைச் சிவப்பு சூழ்ந்திருக்க வேண்டும் என்று ஸ்டைனர் 1907-இல் எழுதினார். அறிவியல்பூர்வமாக நிறுவப்பட்ட விஷயமல்ல இது. ஒரு பிள்ளை அமைதியில்லாமல் இருந்தால் தூக்கம், பசி, வீட்டு நிலைமை இவற்றைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

சரி, பிள்ளைகளின் கைக்கு வருவோம். ஆசிரியர் படத்தை அச்சு மாறாமல் நோட்டில் வரையச் சொல்வது, மாறினால் திருத்துவது. இதைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். என் பனைமரம் நேராக நிற்கும், ஒரு பையனின் பனைமரம் சாய்ந்து நிற்கும். அவன் வீட்டுப் பக்கத்தில் இருப்பது சாய்ந்த பனையாக இருக்கலாம். பிள்ளைகளுக்கென்று பலகையே தராமல் இருப்பதும் இதே ரகம். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து கற்கும் செயல்வழிக் கற்றல் முறை வந்தபோது, சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை அமைத்து, ஆளுக்கு ஒரு கட்டம் பிரித்துக் கொடுத்தார்கள். வகுப்பறை பற்றி நம் ஊரில் எடுத்த மிக நல்ல முடிவுகளில் அதுவும் ஒன்று என்பேன். அந்தக் கீழ்ப்பலகை இன்னும் உள்ள பள்ளியில் வேலை பார்க்கிறீர்கள் என்றால், சார்ட் ஒட்டி அதை மறைக்காதீர்கள்.

கடைசியாக, பொருட்கள். ஆயில் பேஸ்டலைக் கரும்பலகையில் தொடவே கூடாது, போகாது. சாக்பீஸைச் சர்க்கரைத் தண்ணீரில் ஊற வைத்தால் நிறம் தூக்கலாக வரும், ஆனால் அழிக்கக் கஷ்டம். புதிதாகக் கறுப்புப் பூசிய பலகை நன்றாகக் காய்ந்தபின், வெள்ளைச் சாக்பீஸைப் படுக்க வைத்து முழுக்கத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுத்தான் முதல் படம் போட வேண்டும். இல்லாவிட்டால் அந்த முதல் படத்தின் தடம் பல நாள் தெரியும்.

வண்ணப் படத்தில் தூள் ஏராளம். பிள்ளைகள் இருக்கும்போது உலர்ந்த டஸ்டரால் அழிக்காதீர்கள், டஸ்டரைச் சுவரில் தட்டித் தூள் கிளப்பாதீர்கள், வீசிங் உள்ள பிள்ளைக்கு அது போதும். நாங்கள் வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளையில் அழிக்கிறோம். இரண்டு வாளித் தண்ணீர், இரண்டு பழைய பருத்தித் துணி. ஈரத் துணியை நன்றாகப் பிழிந்து மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும், பக்கவாட்டில் தேய்த்தால் நிறம் இழுபடும். முதல் துடைப்பு யாருக்கு என்பதில்தான் போட்டி. மழைப் பாடம் முடிந்த அன்று குளத்தை அழித்தது அந்தச் சிறுமி. பிழிந்த தண்ணீர் நீலமாக இருந்தது. அதை எடுத்துப் போய் வெளியே வேப்பமரத்தடியில் ஊற்றிவிட்டு வந்து கேட்டாள்: "அக்கா, திங்கக்கிழமை என்ன வரும்?"