நாய், பூனை வளர்ப்பில் எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது

மாதாமாதம் அதிகப் பணம் போவது பெரும்பாலும் தீவனத்துக்குத்தான். அதற்காக விலை குறைந்த பையைத் தேடி ஓட வேண்டாம். கிலோ விலையை விட்டுவிட்டு, ஒரு நாளைக்கு ஆகும் செலவைப் பாருங்கள். உடல் எடைக்கு ஏற்ப எத்தனை கிராம் போட வேண்டும் என்று பையின் பின்புறம் அச்சிட்டிருக்கும். ஒரு தீவனம் 300 கிராம் தேவைப்படுகிறது, இன்னொன்று 220 கிராமே போதும் என்றால், இரண்டாவதன் கிலோ விலை மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தாலும் நட்டமில்லை.

வாங்கியதை கப்பில் அள்ளிப் போடாமல் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். 4 கிலோ பூனைக்கு நாள் முழுவதற்கும் 50 முதல் 60 கிராம் உலர்தீவனமே போதும். கப் அளவில் 10 கிராம் கூடிப்போவது கண்ணுக்கே தெரியாது. ஆனால் அது ஆறில் ஒரு பங்குத் தீவனம். பணம் வீணாவதோடு உடம்பும் பெருக்கும், பின்னால் மூட்டுவலியும் சர்க்கரை நோயும் வரும். பையில் போட்டிருக்கும் அளவு தொடக்கத்துக்குத்தான். கருத்தடை செய்த விலங்குக்கு அதைவிடக் குறைவாகவே தேவைப்படும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விலாவைத் தடவிப் பாருங்கள். அழுத்தாமலே எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் 10 சதவீதம் குறையுங்கள். பிஸ்கட், தின்பண்டமெல்லாம் சேர்த்து நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

பெரிய பை லாபம்தான், ஆறு வாரத்துக்குள் தீருமானால். திறந்த பிறகு காற்றுப் பட்டு அதிலுள்ள கொழுப்பு சிக்குவாடை அடிக்கும், பிறகு விலங்கு தொடாது. டப்பாவில் கொட்டாமல் பையோடு மடித்து உள்ளே வையுங்கள். கொட்டினால் சுவரில் ஒட்டிய பழைய எண்ணெய் புதியதையும் கெடுக்கும், காலாவதித் தேதியும் பையோடு குப்பைக்குப் போய்விடும். தீவனத்தை மாற்றும்போது முதல் இரண்டு நாள் கால் பங்கு புதியது, அடுத்த இரண்டு நாள் பாதி, பிறகு முக்கால் என ஏழு நாளில் மாற்றுங்கள். ஒரேயடியாக மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும், மிச்சம் பிடித்தது மருத்துவரிடம் போகும்.

நகம் வெட்டுவதும் பல் துலக்குவதும் வீட்டிலேயே முடியும். விலங்குகளுக்கான பற்பசையே வேண்டும். நம்முடையதில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் நாய்க்கு நஞ்சு. விளையாட்டுப் பொருளுக்கு, பூனையென்றால், வெறும் அட்டைப்பெட்டி போதும்.

தடுப்பூசியில் மட்டும் கை வைக்காதீர்கள். குட்டி நாய்க்கு 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் பல நாள் குளுக்கோஸ் ஏற்றியும் குட்டி பிழைக்காமல் போகலாம்.

மருந்தைப் பங்கு போடுவதும் வேண்டாம். நாய்க்கான உண்ணிச் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். அதைப் பூனை மேல் விட்டால் நடுக்கமும் வலிப்பும் வரும். நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.