திசு வளர்ப்பில் ஹார்மோன் அளவை முடிவு செய்வது எப்படி

ஒரே செடியின் ஒரே துண்டு, ஒரு பாட்டிலில் கொத்துக் கொத்தாகத் தளிர் விடும். பக்கத்துப் பாட்டிலில் வேர் மட்டும் இறங்கும். இன்னொன்றில் கேலஸ் என்னும் உருவமில்லாத திசுத் திரள் புடைத்து நிற்கும். துண்டு வளரும் சத்துக் கலவையான மீடியத்தில் உப்பு, சர்க்கரை, அதைக் கெட்டியாக்கும் அகார் எல்லாம் ஒன்றுதான். மாறியது ஆக்சின், சைட்டோகைனின் என்னும் இரண்டு வகைத் தாவர ஹார்மோன்களுக்கு இடையே உள்ள விகிதம். 1957-இல் ஸ்கூக்கும் மில்லரும் புகையிலைத் திசுவில் இதைக் காட்டினார்கள்: சைட்டோகைனின் ஓங்கினால் தளிர், ஆக்சின் ஓங்கினால் வேர், இரண்டுக்கும் நடுவே கேலஸ்.

ஆனால் துண்டுக்குள் ஏற்கெனவே அதன் சொந்த ஹார்மோன் இருக்கிறது. இளந்துளிரில் ஒரு அளவு, முதிர்ந்த தண்டில் வேறு அளவு. அதனால் வேறொருவர் தந்த அளவை முடிவாகக் கொள்ளாதீர்கள். அதைச் சுற்றிச் சோதித்துப் பாருங்கள்.

ஸ்டாக் கரைசல்

முன்கூட்டியே செய்து வைத்து, மீடியத்தில் அளந்து விடும் அடர்கரைசல் இது. பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன. பி.ஏ.பி. என்னும் சைட்டோகைனினை 100 மி.கி. எடை போட்டு சிறிய பீக்கரில் இடுங்கள். 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சுழற்றுங்கள். 1 முதல் 2 மி.லி.க்குள் தூள் மறைந்து கரைசல் கண்ணாடி போலத் தெளியும். தெளிந்த பிறகே தண்ணீரை மெல்ல ஊற்றி 100 மி.லி. ஆக்குங்கள். அவசரப்பட்டு முதலிலேயே தண்ணீர் ஊற்றினால் வெள்ளைத் துகள் மிதக்கும். அதை அப்படியே பயன்படுத்தினால் ஒரு பாட்டிலுக்கு அதிகமும் அடுத்ததற்குக் குறைவும் போகும். கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்வதே மேல். என்.ஏ.ஏ., ஐ.பி.ஏ., 2,4-டி ஆகிய ஆக்சின்களையும் இப்படியே கரைக்கலாம்.

இந்த ஸ்டாக்கில் 1 மி.லி.க்கு 1 மி.கி. இருக்கும். ஒரு லிட்டர் மீடியத்தில் 2 மி.லி. விட்டால் 2 மி.கி. கிடைக்கும். குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், தேதி எழுதுங்கள். ஐ.ஏ.ஏ. என்னும் ஆக்சின் வெளிச்சத்திலேயே சிதையும்; அதன் பாட்டிலை அலுமினியத் தாளில் சுற்றுங்கள்.

ஸ்டாக்கில் காரம் இருப்பதால், ஹார்மோன் சேர்த்த பிறகே மீடியத்தின் பி.எச். (அமில-கார அளவு) 5.8-க்குக் கொண்டுவர வேண்டும். அடுத்து லிட்டருக்கு அகார் 7–8 கிராம். 121 டிகிரியில் 15–20 நிமிடம் ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) வையுங்கள். ஐ.ஏ.ஏ., ஜிப்ரெலின் (இன்னொரு தாவர ஹார்மோன்) இரண்டும் சூட்டில் வலுவிழக்கும். அவற்றை 0.22 மைக்ரான் வடிகட்டி வழியாக, மீடியம் 50 டிகிரி அளவுக்கு ஆறிய பின் சேருங்கள்.

படிக்கட்டுச் சோதனை

எம்.எஸ். (முராஷிகே-ஸ்கூக்) மீடியத்தில் பி.ஏ.பி. லிட்டருக்கு 0, 0.5, 1, 2, 4 மி.கி. என ஐந்து படிகள் வையுங்கள்; இனி வரும் மி.கி. அளவுகளும் லிட்டருக்கே. படிக்குப் பத்துப் பாட்டில். பூஜ்யப் படியைத் தவிர்க்காதீர்கள், துண்டின் இயல்பைக் காட்டுவது அதுதான். நான்கு வாரம் கழித்துத் தளிர்களை எண்ணுவதோடு நீளத்தையும் அளந்து பாருங்கள். சிறந்த படியைப் பிடித்த பிறகு அதனுடன் என்.ஏ.ஏ. 0.05, 0.1, 0.2 என மாற்றுங்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

டி.டி.இசட். என்னும் வலுவான சைட்டோகைனினைப் பயன்படுத்துவோர் எச்சரிக்கையாக இருங்கள்: 0.01 முதல் 0.2 மி.கி. வரையே பெரும்பாலும் போதும். இதன் தாக்கம் அடுத்த மீடியத்துக்கு மாற்றிய பின்னும் நீடிக்கும்.

வேருக்கு அரை வலு (உப்புகள் பாதியான) எம்.எஸ்., ஐ.பி.ஏ. 0.5–1 மி.கி. ஆக்சின் வேரைத் தூண்டும். அதிகம் நீடித்தால் அதன் நீளத்தைத் தடுக்கும். வேர்கள் குட்டையாகத் தடித்தால், ஒரு வாரத்திலேயே ஹார்மோன் இல்லாத மீடியத்துக்கு மாற்றுங்கள்.

பாட்டிலைப் படிப்பது

இலை கண்ணாடி போல ஒளி ஊடுருவி, தடித்து, கிள்ளினால் நொறுங்குகிறதா? சைட்டோகைனின் மிகுதியும் பாட்டிலின் ஈரமும் சேர்ந்த விளைவு இது. பி.ஏ.பி.யைப் பாதியாக்குங்கள், அகாரைக் கூட்டுங்கள், காற்று புகும் மூடி போடுங்கள்.

தளிர்கள் கொத்தாக இருந்தும் நீளவில்லையென்றால், பி.ஏ.பி. 0.2 மி.கி. அல்லது அதுவும் இல்லாத மீடியத்தில் ஒரு சுற்று வையுங்கள்.

அடியில் கேலஸ் திரண்டு, அதிலிருந்து வேர் வந்தால் ஏமாறாதீர்கள். அந்த வேருக்கும் தண்டுக்கும் நீர்க்குழாய்த் தொடர்பு சரியாக இருக்காது. மண்ணுக்கு மாற்றியதும் செடி வாடும். ஆக்சினைக் குறையுங்கள்.

துண்டு பழுப்பானால் உடனே ஹார்மோனில் கைவைக்காதீர்கள். பெரும்பாலும் அது வெட்டுக்காயத்திலிருந்து கசியும் பீனால். இரண்டு மூன்று நாளில் புது மீடியத்துக்கு மாற்றினாலே பெரும்பாலும் அடங்கும். கரித்தூள் சேர்த்தால் அது ஹார்மோனையும் உறிஞ்சிவிடும். படிக்கட்டில் கண்டுபிடித்த அளவு அந்த மீடியத்துக்குப் பொருந்தாது.