கார்க் நகரத்து ஸ்பைஸ்டு பீஃப்: கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டிய சமையல்

அயர்லாந்துக் கிறிஸ்துமஸ் என்றாலே வான்கோழியும் புட்டிங்கும்தான் என்று எழுதுகிறவர்கள் கார்க் பக்கம் வந்ததில்லை என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ஊரில் டிசம்பர் பிறந்துவிட்டால் இறைச்சிக் கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் கரிய மசாலா அப்பிய மாட்டிறைச்சிக் கட்டிகள் அடுக்கடுக்காக உட்கார்ந்துவிடும். இதுதான் ஸ்பைஸ்டு பீஃப். வான்கோழி நாட்டுக்குப் பொது. இது கார்க் வீடுகளின் சொந்தச் சொத்து.

சொத்து வந்த வழியும் சுவையானது. 18ஆம் நூற்றாண்டில் கார்க் துறைமுகத்திலிருந்து உப்பிட்ட மாட்டிறைச்சி பீப்பாய் பீப்பாயாகப் பிரிட்டிஷ் கடற்படைக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் போய்க்கொண்டிருந்தது. இறைச்சியை உப்பில் போடுவது ஊருக்கே கைவந்த கலை. துறைமுகம் என்பதால் மிளகு, கிராம்பு, சர்க்கரை ஆகியவற்றுக்கும் பஞ்சமில்லை. 1788இல் தொடங்கிய, இங்கிலீஷ் மார்க்கெட் எனப்படும் கார்க் நகரச் சந்தையில் இன்றும் இது ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. டிசம்பரில் மட்டும் வரிசையில் நிற்க வேண்டும்.

இங்கே பலர் மசாலாவில் ஊறிய கட்டியைக் கடையில் வாங்கி வீட்டில் வேகவைப்பதோடு சரி. முதல் ஆண்டு நீங்களும் அப்படியே செய்யலாம். நேராக 'உப்புச் சோதனை' பகுதிக்குப் போய்விடுங்கள். ஆனால் வீட்டில் ஊறவைத்தால்தான் குழந்தைகளுக்கும் இதில் பங்கு கிடைக்கும்.

இறைச்சி

பின்தொடைக் கறி இரண்டு கிலோ, ஒரே கட்டியாக. கடையில் சில்வர்சைடு என்று கேளுங்கள்; நூல் கட்டித் தரச் சொல்லுங்கள். பிரிஸ்கெட் என்ற நெஞ்சுக்கறி மலிவு, கொழுப்பும் ருசியும் கூடுதல். ஆனால் ஆறிய பிறகு மெல்லிய வில்லைகளாக வராது. என் ஓட்டு சில்வர்சைடுக்கே.

மசாலா

கல்லுப்பு 100 கிராம், பழுப்புச் சர்க்கரை 75 கிராம், மிளகு இரண்டு மேசைக்கரண்டி, ஆல்ஸ்பைஸ் (கலவை மசாலா அல்ல, ஒரே வகைக் காய்ந்த காய்) இரண்டு மேசைக்கரண்டி, ஜூனிபர் காய் ஒரு மேசைக்கரண்டி, கிராம்பு ஒரு தேக்கரண்டி, ஜாதிக்காய் பாதி.

மிக்ஸியை எடுக்காதீர்கள். மாவாக அரைத்த மசாலா ஈரம் பட்டதும் சேறாகி வழிந்துவிடும். சிறிய கல் உரலில் ஒன்றிரண்டாக இடித்தால் போதும். உப்பையும் சர்க்கரையையும் கடைசியில் கலந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், சோம்பு இவற்றின் பக்கம் கை போகும். போக விடாதீர்கள். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு பதார்த்தம்.

கடைக்காரர்கள் வெடியுப்பும் சேர்ப்பார்கள். வெந்த பிறகும் கறி இளஞ்சிவப்பாக இருப்பது அதனால்தான். நான் சேர்ப்பதில்லை. உள்ளே பழுப்பாக இருக்கும், சுவையில் குறை இல்லை. அந்த நிறம் வேண்டும் என்பவர்கள் இறைச்சி பதப்படுத்துவதற்கென்றே விற்கும் உப்பை வாங்கி, பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். கண்ணளவு இங்கே கூடவே கூடாது. அளவு மீறினால் அது நஞ்சு.

ஊறும் வாரம்

24ஆம் தேதி காலையில் வேகவைக்க வேண்டும் என்றால் 17ஆம் தேதி ஊறப்போட வேண்டும். கட்டியின் எல்லாப் பக்கமும் மசாலாவை அழுத்தித் தேய்த்து, மூடியுள்ள பீங்கான் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் தள்ளிவிடுங்கள். அலுமினியம் வேண்டாம், உப்பு அதை அரித்துவிடும். ஃபிரிட்ஜ் 4 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. அந்தக் காலத்தில் வெளியே குளிர்ந்த அறையில் வைத்தார்கள் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், செய்யாதீர்கள்.

மறுநாளே பாத்திரத்தில் தண்ணீர் விட்டிருக்கும். கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிடாதீர்கள்; அந்தச் சாற்றில்தான் மீதி நாட்கள் கறி ஊறப்போகிறது. தினமும் ஒருமுறை கட்டியைத் திருப்பிப் போட்டு, சாற்றை மேலே ஊற்றித் தேய்க்க வேண்டும். எங்கள் வீட்டில் இது குழந்தைகளின் வேலை. யார் முறை என்ற சண்டையும் கிறிஸ்துமஸின் ஒரு பகுதி. பச்சை இறைச்சி என்பதால் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார்களா என்று மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள்.

உப்புச் சோதனை

பெரும்பாலான குறிப்புகள் இதை ஒரு வரியில் தாண்டிப் போகின்றன. கறி உப்பாகிவிட்டால் அந்தக் கிறிஸ்துமஸுக்கு மாற்று வழி கிடையாது, அதனால் நான் நிதானமாகச் சொல்கிறேன்.

23ஆம் தேதி மாலை கட்டியை எடுத்து, மேலே ஒட்டியிருக்கும் மசாலாவைக் குழாய்த் தண்ணீரில் லேசாக அலசுங்கள். ஓரத்திலிருந்து விரல் தடிமனுக்கு ஒரு துண்டு வெட்டி, சிறிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து வாயில் போட்டுப் பாருங்கள். ஓரத்துத் துண்டில் உப்பு கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஊறுகாய் மாதிரி சுள்ளென்று ஏறினால் கட்டியைப் பச்சைத் தண்ணீரில் மூழ்கவைத்து இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் விடுங்கள். கடையில் வாங்கிய கட்டியென்றால் எவ்வளவு உப்பு போட்டார்கள் என்று தெரியாது. விற்பவரிடமே ஊறவைக்க வேண்டுமா என்று கேட்டுவிடுவது மேல்.

வேகவைத்தல்

கனமான பெரிய பாத்திரத்தில் கட்டியை வைத்து, வெங்காயம் ஒன்று, கேரட் இரண்டு, பிரிஞ்சி இலை போட்டு, ஒரு பாட்டில் ஸ்டவுட் பீரும் மூழ்கும் அளவுக்குத் தண்ணீரும் ஊற்றுங்கள். உப்பு போடாதீர்கள்.

எந்த ஸ்டவுட்? கார்க்கில் கின்னஸ் என்று சொன்னால் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், அது டப்ளின்காரர்களுடையது. இந்த ஊரின் பெயர்கள் பீமிஷும் மர்ஃபியும். நான் பீமிஷ் பக்கம். சமையலில் வித்தியாசம் தெரியுமா என்று கேட்காதீர்கள், இது விசுவாசம் சம்பந்தப்பட்டது.

கொதி வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள். எவ்வளவு குறைவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது. மேலே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி எழ வேண்டும், அவ்வளவுதான். வேகமாகக் கொதித்தால் கறி வெளியே நார் நாராகப் பிரிந்து, உள்ளே வறண்டுவிடும். சிறிய அடுப்பில் ஆகக் குறைந்த தீயில் வைத்தும் கொதி அடங்கவில்லை என்றால் மூடியைச் சற்று விலக்கி வையுங்கள். இரண்டு கிலோவுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். கடிகாரத்தைவிடக் கம்பியை நம்புங்கள்: நடுவில் குத்திய கம்பி தடையில்லாமல் இறங்கி, தடையில்லாமல் வெளியே வர வேண்டும்.

பாரம் ஏற்றுதல்

வெந்த நீரிலேயே அரை மணி நேரம் விட்டு எடுத்து, ஒரு தட்டில் வைத்து, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் கனமாக எதையாவது ஏற்றுங்கள். தக்காளி டின்கள் போதும். சூடு தணிந்ததும் பாரத்தோடு அப்படியே ஃபிரிட்ஜுக்குள் போகட்டும். இப்படி அழுத்தி ஆறவைத்தால்தான் கட்டி இறுகி, கத்திக்கு ஒத்துழைக்கும். சூடாக இருக்கும்போதே வெட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் தூள்தான் கிடைக்கும்.

அன்று அதைத் தொடாமல் இருக்கப் பழைய காரணம் ஒன்றும் உண்டு. முன்பெல்லாம் கத்தோலிக்கக் குடும்பங்களில் 24ஆம் தேதி இறைச்சி விலக்கு நாள். உப்பிட்டுக் காயவைத்த லிங் மீனை வெள்ளைச் சாஸில் சமைத்து உருளைக்கிழங்கோடு சாப்பிடுவார்கள். வீடு முழுக்கக் கிராம்பு மணம், தட்டிலோ மீன்! பொழுது சாய்ந்ததும் வீட்டின் கடைக்குட்டி ஜன்னலில் மெழுகுவர்த்தி ஏற்றும். தங்க இடம் தேடி அலைந்த மரியாளுக்கும் யோசேப்புக்கும் இந்த வீட்டில் இடமுண்டு என்பதற்கு அடையாளம் அது. 1990இல் குடியரசுத் தலைவரான மேரி ராபின்சன் தம் மாளிகை ஜன்னலில் ஒரு விளக்கு வைத்தார். பிழைப்புக்காக நாட்டை விட்டுப் போன ஐரிஷ்காரர்களுக்காக. இந்த வழக்கத்தை மனத்தில் வைத்துத்தான் அவர் அதைச் செய்தார். திரைச்சீலை பக்கத்தில் இருந்தால் பேட்டரி மெழுகுவர்த்தி போதும், மரியாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பரிமாறுதல்

நாரின் ஓட்டத்துக்குக் குறுக்காக, எவ்வளவு மெல்லியதாக முடியுமோ அவ்வளவு மெல்லியதாக அரியுங்கள். கட்டியைத் தொடும் முன் கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள். 25ஆம் தேதி வான்கோழிக்குப் பக்கத்தில் இரண்டு வில்லை. இதன் உண்மையான நாள் 26, புனித ஸ்தேவான் திருநாள். கார்க், கெர்ரி பக்கங்களில் அன்று வைக்கோல் உடையும் முகமூடியும் போட்டு 'ரென்' சிட்டின் பெயரைச் சொல்லிப் பாடிக்கொண்டு தெருவில் வருவார்கள். கெர்ரியில் உள்ள டிங்கிள் ஊரின் ஊர்வலம் பெயர் பெற்றது. வீட்டில் யாருக்கும் அடுப்பு மூட்ட மனம் இருக்காது, விருந்தாளிகளோ வந்துகொண்டே இருப்பார்கள். சோடா ரொட்டி, வெண்ணெய், குளிர்ந்த கறி வில்லை, கொஞ்சம் கடுகு. வேலை முடிந்தது. நான்கைந்து நாட்களுக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.

வாசகர்கள் கேட்ட பிறகு சேர்த்தவை

குக்கரில் வைக்கலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். வெந்துவிடும், ஆனால் வில்லையாக வெட்ட வராது. மேலே சொன்ன கொதி விவகாரம்தான். கேஸ் மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் ஸ்லோ குக்கர் பொருத்தம்.

ஸ்டவுட் வேண்டாம் என்றால் வெறும் தண்ணீரில் வேகவையுங்கள். இங்கேயும் பல வீடுகளில் அப்படித்தான். ஜூனிபர் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். ஆல்ஸ்பைஸை மட்டும் விடாதீர்கள், இதன் வாசனையே அதுதான்.

ஜனவரி 6ஆம் தேதி வரை வைத்திருக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அன்று 'நொல்லக் ந மான்', பெண்களின் கிறிஸ்துமஸ். கார்க்கிலும் கெர்ரியிலும் இன்னும் உயிரோடு இருக்கும் வழக்கம்: வீட்டு வேலையை ஆண்கள் ஏற்க, பெண்கள் தோழிகளோடு வெளியே சாப்பிடப் போவார்கள். 24ஆம் தேதி சமைத்தது அதுவரை ஃபிரிட்ஜில் தாங்காது. வெந்த கட்டியில் பாதியை அன்றே ஆறவைத்து ஃப்ரீசரில் போட்டு, 5ஆம் தேதி காலை ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். 6ஆம் தேதி அதை அரிய வேண்டியவர் வீட்டு ஆண். கத்தி எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே காட்டிவையுங்கள்.

கறி வெந்த நீரைச் சூப்புக்கு எடுக்கலாமா? வேண்டாம். ஒரு வாரத்து உப்பில் பெரும்பங்கு அதில்தான் இறங்கியிருக்கிறது. கொட்டிவிடுங்கள்.