ஒருங்கிணைந்த பராமரிப்பை அளக்கும் வினாப்பட்டியலைச் சேர்வராயன் மலைக்கு ஏற்பத் தழுவுவது எப்படி?

ஏற்காட்டைத் தாண்டி உள்ள ஒரு துணை சுகாதார நிலையத்தின் திண்ணையில் அமர்ந்து, "ஒருங்கிணைந்த பராமரிப்பை வழங்குவதில் எங்கள் குழு ஒரே நோக்குடன் செயல்படுகிறது" என்ற வாசகத்தை ஒரு பெண் சுகாதாரத் தன்னார்வலரிடம் வாசித்துக் காட்டினேன். "ஆமாங்க மேடம், எல்லாம் நல்லாத்தான் போகுது" என்று உடனே பதில் வந்தது. "குழுன்னா யாருங்க?" என்று கேட்டதும் அவர் தம் ஊர் மகளிர் சுய உதவிக் குழுவின் பெயரைச் சொன்னார். வீடு தேடிச் சென்று சிகிச்சை அளிக்கும் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்கான தன்னார்வலர்கள் அத்தகைய குழுக்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள் என்பதால், அவர் சொன்னதில் பிழை ஏதுமில்லை. ஆனால் படிவத்தில் அது 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' என்று பதிவாகி, மருத்துவரும் செவிலியரும் தன்னார்வலரும் சேர்ந்து இயங்குவதற்கான சான்றாகக் கணக்கில் ஏறியிருக்கும்.

வெளிநாட்டில் மருத்துவர்களையும் செவிலியர்களையும் மனத்தில் கொண்டு ஆங்கிலத்தில் உருவான வினாப்பட்டியலை அப்படியே மொழிபெயர்த்து மலைக்கு எடுத்துச் சென்றால் இவ்வாறுதான் முடியும். ஒரு நோயாளிக்கான சிகிச்சையில் பணியாளர்களும் நிலையங்களும் தொடர்பு விட்டுப்போகாமல் சேர்ந்து இயங்குவதே ஒருங்கிணைந்த பராமரிப்பு. சேலம் மாவட்டத்தில் களப்பணியாளர்களிடையே இதை அளக்கும் ஆய்வைச் செய்ய முற்படும் மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் பயன்படும் என்ற நம்பிக்கையில், தழுவும் முறையைக் கீழே விவரிக்கிறேன்.

எதை அளக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பிம் வாலன்டைனும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட 'வானவில் மாதிரி' இதற்கு நல்ல வரைபடம். அதில் நோயாளிக்கு மிக அருகில் சிகிச்சை ஒருங்கிணைப்பும், அதற்கு மேல் பணியாளர்களுக்கு இடையிலும் நிறுவனங்களுக்கு இடையிலுமான ஒருங்கிணைப்பும், எல்லாவற்றுக்கும் மேலே சுகாதார அமைப்பு முழுவதன் ஒருங்கிணைப்பும் இருக்கின்றன. தகவல் பதிவு, நிதி போன்ற செயல்பாட்டு இணைப்புகளும் பகிர்ந்துகொள்ளும் நோக்கங்களும் இந்த அடுக்குகளைச் சேர்த்துக் கட்டுகின்றன. வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தம் பார்க்கும் ஒருவரால் முதல் அடுக்குக்கும் இரண்டாம் அடுக்கில் பாதிக்கும் மட்டுமே தம் கண்ணால் கண்டதைச் சொல்ல முடியும். நிதி ஒதுக்கீடு, துறைகளுக்கு இடையிலான ஒப்பந்தம் பற்றிய கேள்விகளை அவரிடம் கேட்பது அவருக்கும் சங்கடம், நமக்கும் பயனில்லை. அவற்றை வட்டார மருத்துவ அலுவலருக்கான தனிப் படிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இவ்வாறு ஒரு பரிமாணத்தை நீக்கிய பிறகு, மூலப் பட்டியலின் மொத்த மதிப்பெண்ணோடு உங்கள் மதிப்பெண்ணை ஒப்பிடக் கூடாது என்பதையும் அறிக்கையில் எழுதியாக வேண்டும். மூலத்தை உருவாக்கியவரின் எழுத்துப்பூர்வ அனுமதியையும் மதிப்பெண் இடும் கையேட்டையும் தொடக்கத்திலேயே பெற்றுவிடுவது நல்லது.

அடுத்து, மொழிபெயர்ப்பைத் தொடங்குவதற்கு முன், ஒரு நோயாளி செல்லும் பாதையைத் தாளில் வரையுங்கள். காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் ஐம்பது வயதுப் பெண் ஒருவருக்கு பிரஷர் அதிகமாக இருப்பதைத் தன்னார்வலர் கண்டுபிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தகவல் துணை சுகாதார நிலையத்துக்குப் போகிறது. அங்கிருந்து ஆரம்ப சுகாதார நிலையம், தேவைப்பட்டால் ஏற்காடு அரசு மருத்துவமனை, அதற்கும் மேல் என்றால் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. பிறகு அவர் ஊருக்குத் திரும்பி வருகிறார். கிராம சுகாதார செவிலியர், இடைநிலை சுகாதாரப் பணியாளர், இயன்முறை சிகிச்சையாளர், நோய் ஆதரவு சிகிச்சைச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர் என்று இந்தப் பாதையில் யார் யார் எங்கே வருகிறார்கள், நோயாளியும் தகவலும் எந்தெந்த இடத்தில் கைமாறுகின்றன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்விகள் அனைத்தும் இந்தக் கைமாறும் இடங்களைப் பற்றியவையாக இருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. 'ஒருங்கிணைந்த' என்ற சொல்லே படிவத்தில் இடம்பெறத் தேவையில்லை.

'சிகிச்சை வழங்குவோர் நோயாளியின் தகவல்களைப் பகிர்ந்துகொள்கின்றனர்' என்ற மூல வாசகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே போய்ச் சிகிச்சை பெற்றுத் திரும்பியவரிடம் இருப்பது ஆங்கிலத்தில் எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டு. அதை அவர் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பையில் பத்திரமாக வைத்திருப்பார். தன்னார்வலரோ பழைய மாத்திரையையே தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருப்பார். ஆகவே நான் இந்த வாசகத்தை இரண்டாகப் பிரித்தேன்: "கடைசியா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுத் திரும்பி வந்தவரோட சீட்டை நீங்க பார்த்தீங்களா?", "அவருக்கு மாத்திரை மாறியிருந்தா, அது உங்களுக்கு யார் மூலமாத் தெரிஞ்சது?" இரண்டாவது கேள்விக்கு 'நோயாளியே சொன்னார்' என்ற விடையும் வரும், அது பகிர்வு நடக்கவில்லை என்பதன் அடையாளம் என்று மதிப்பெண் விதியில் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

மொழிபெயர்ப்புக்கு 2000-இல் பீட்டனும் குழுவினரும் வகுத்த வழிமுறை இன்றும் போதுமானது. இருவர் தனித்தனியே தமிழாக்கம் செய்ய வேண்டும். அவர்களில் ஒருவர் துறை அறிந்தவராகவும் மற்றவர் அறியாதவராகவும் இருப்பது அவசியம். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்கிய பிறகு, மூலத்தைப் பார்த்திராத வேறு இருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்குவர். வேறுபாடுகளை ஒரு வல்லுநர் குழு தீர்த்துவைக்கும். இதில் பலரும் அறியாமல் விழும் பள்ளம் ஒன்று உண்டு: மீள் மொழிபெயர்ப்பு மூலத்தோடு அச்சாக ஒத்துப்போகும்போது நாம் மகிழ்ந்துவிடுகிறோம், பெரும்பாலும் அது தமிழாக்கம் சொல்லுக்குச் சொல் செய்யப்பட்டதைத்தான் காட்டுகிறது.

தமிழுக்கே உரிய மூன்று சிக்கல்களைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பது நமக்கு 'நாம்', 'நாங்கள்' என்று இரண்டாகிறது. 'நாம் சேர்ந்து முடிவெடுக்கிறோம்' என்று கேட்டால் கேட்பவரும் அதில் சேர்ந்துவிடுகிறார். 'நாங்கள்' என்றால் தன்னார்வலர்கள் மட்டும் என்று பொருள்பட்டுவிடலாம். எனவே 'நீங்களும் கிராம சுகாதார செவிலியரும்' என்று ஆட்களைச் சொல்லியே கேளுங்கள். இரண்டாவது, எதிர்மறைக் கேள்விகள். "தகவல் உங்களுக்கு வர்றதில்லையா?" என்று கேட்டால் "ஆமாங்க, வர்றதில்ல" என்பார்கள், படிவம் நிரப்புபவர் 'ஆம்' என்பதைச் சுழித்தால் பொருள் என்னவென்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அவற்றை முழுவதும் நேர்மறையாக்கிவிடுங்கள். மூன்றாவது, எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள இடைவெளி. அச்சிட்ட எழுத்து நடையை ஒவ்வொரு களப்பணியாளரும் தம் விருப்பப்படி பேச்சாக மாற்றிக் கேட்டால், பத்துப் பேர் பத்து வினாப்பட்டியலைப் பயன்படுத்தியதாக ஆகும். ஒவ்வொரு கேள்வியின் கீழும் வாசிக்க வேண்டிய பேச்சு வடிவத்தையும் அச்சிட்டு, அதையே சொல்லவேண்டும் என்று பயிற்சி கொடுங்கள்.

இங்கே ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழ். வெளியூரில் தரவை ஏற்றுபவர்கள் அந்தப் பெயரைப் பார்த்துத் தாய்மொழி மலையாளம் என்று குறித்துவிடாதபடி குறியீட்டுப் பட்டியலிலேயே விளக்கம் எழுதி வையுங்கள்.

விடை அளவுகோலுக்கு வருவோம். 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' முதல் 'முழுமையாக மறுக்கிறேன்' வரையிலான ஐந்து படிகள் இங்கே சரிவர வேலை செய்வதில்லை. கோப்புடன் வந்து அமர்ந்திருப்பவரை அலுவலகத்திலிருந்து வந்தவராகவே கருதுவதால் எல்லாவற்றுக்கும் ஒப்புதல் வந்துவிடுகிறது; நடுப் படியோ 'தெரியாது', 'சொல்ல விரும்பவில்லை', 'என் வேலை இல்லை' ஆகிய மூன்றுக்கும் புகலிடமாகிறது. "கடைசியா நீங்க பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பின அஞ்சு பேருல எத்தனை பேருக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரிய வந்துச்சு?" என்று எண்ணிச் சொல்லும்படி கேளுங்கள். விரல் மடக்கி, பெயர் நினைத்து, எண்ணிச் சொல்வார்கள். 'தெரியாது' என்பதற்கும் 'என் பணியில் இது இல்லை' என்பதற்கும் தனித்தனிக் கட்டங்கள் வேண்டும்.

உள்ளடக்கப் பொருத்தத்தை, அதாவது அளக்க நினைப்பதைத்தான் கேள்விகள் கேட்கின்றனவா என்பதைச் சோதிக்கும் வல்லுநர் குழுவில் பேராசிரியர்களோடு, பணியிலிருக்கும் கிராம சுகாதார செவிலியர் ஒருவரும் தன்னார்வலர் ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும். ஒவ்வொரு கேள்வியின் பொருத்தத்தையும் அவர்கள் 1 முதல் 4 வரை மதிப்பிடுவர். 3 அல்லது 4 கொடுத்தவர்களின் விகிதம் ஆறு பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கொண்ட குழுவில் 0.78-க்குக் குறையக் கூடாது. ஐந்து பேருக்குள் என்றால் அனைவரும் ஏற்க வேண்டும்.

அதன் பின் வரும் நேர்காணலே இந்த வேலையின் உயிர். கேள்வியை வாசித்து, விடையைப் பெற்று, "இதை எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்க?", "யாரை நினைச்சுச் சொன்னீங்க?" என்று கேளுங்கள். நான் தொடக்கத்தில் சொன்ன 'குழு' என்ற சொல்லைப் படிவத்திலிருந்து நீக்கியது இப்படித்தான். மலையிலும் சமவெளியிலும் தனித்தனியே சில பேரிடம் செய்து, திருத்தி, மீண்டும் செய்யுங்கள். புதிய தடுமாற்றம் எதுவும் வராத நிலையை எட்டும்வரை நிறுத்த வேண்டாம். பிறகு 30 முதல் 40 பேரிடம் முன்சோதனை.

புள்ளியியலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் குரோன்பாக் ஆல்ஃபா 0.70-க்கு மேல் இருப்பது தேவை. ஆனால் கேள்விகளின் எண்ணிக்கையைக் கூட்டினாலே அது உயரும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். விடைகள் மாறாமல் வருகின்றனவா என்று இரண்டு வாரம் கழித்து அதே ஆட்களிடம் மீண்டும் கேட்டுப் பாருங்கள். எந்தெந்தக் கேள்விகள் ஒரே பரிமாணத்தில் சேர்கின்றன என்று காட்டும் காரணிப் பகுப்பாய்வுக்கு, ஒரு கேள்விக்கு ஐந்து முதல் பத்துப் பேர் என்று கொண்டால், 40 கேள்விகளுக்கு 200 முதல் 400 பேர் வேண்டும். மலை வட்டாரம் ஒன்றில் அத்தனை பணியாளர்கள் கிடைக்க மாட்டார்கள். மாவட்டம் முழுவதும் விரித்துச் செய்யுங்கள், அல்லது அந்தப் பகுப்பாய்வைச் செய்யவில்லை என்று எழுதுங்கள். மலைப்பகுதித் துணை சுகாதார நிலையத்துக்கு 3,000 பேர், சமவெளிக்கு 5,000 பேர் என்பது அரசின் அளவுகோல். இரண்டின் மதிப்பெண்களை ஒப்பிடும்போது இதை மறக்க வேண்டாம்.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற்றபின்பும் ஓர் ஆபத்து மீதமிருக்கிறது. ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர் ஒருவர்தான் இருப்பார். பெயரைக் கேட்காமல் விட்டாலும், ஊரும் பதவியும் ஒரே வரியில் இருந்தால் அதுவே அவருடைய பெயர். எனவே ஊரைக் குறிக்காமல் 'மலை', 'சமவெளி' என்று மட்டும் பதிவு செய்யுங்கள். வயதையும் பணியாண்டுகளையும் பத்தாண்டு இடைவெளியில் தொகுங்கள். ஆய்வுக் கூட்டம் நடக்கும் நாளில், மேலதிகாரி அடுத்த அறையில் இருக்கும்போது படிவத்தை நிரப்ப வேண்டாம். அவர்கள் வீட்டுப் பார்வை முடித்து வரும் மதிய வேளையில், கடைசிப் பேருந்துக்கு நேரம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு உட்காருங்கள்.