கேக்டஸ் ஒட்டு கட்ட ஒரு டிராகன் ஃப்ரூட் தண்டு போதும்

ஆஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டெரியாஸ் என்ற உருண்டைக் கேக்டஸ் தன் சொந்த வேரில் வளர்ந்தால் வருடக்கணக்கில் கோலிக்குண்டு அளவிலேயே உட்கார்ந்திருக்கும், மழைக்காலத்தில் மண்ணில் ஈரம் நின்றாலோ அடியிலிருந்து அழுகிவிடும். அதே செடியை டிராகன் ஃப்ரூட் தண்டின் மேல் ஒட்டு கட்டினால் கண்ணுக்குத் தெரியப் பருக்கும், பூவும் சீக்கிரம் வரும். நர்சரியில் சிவப்பு, மஞ்சள் உருண்டையாக விற்கும் மூன் கேக்டஸும் பெரும்பாலும் இந்தத் தண்டின் மேல்தான் நிற்கிறது. அந்த உருண்டையில் பச்சையமே இல்லாததால் அதற்கு ஒட்டு இல்லாமல் பிழைப்பே கிடையாது.

முதலில் அடிச்செடி. டிராகன் ஃப்ரூட் வளர்க்கும் யாரிடமாவது ஒரு சாண் நீளத் தண்டு கேட்டு வாங்கி, வெட்டிய இடம் காய ஒரு வாரம் நிழலில் போட்டுவிட்டு நடுங்கள். வேர் பிடித்தால் மட்டும் போதாது, புதுத் துளிர் விட்டு வேகமாக வளர்ந்துகொண்டிருக்க வேண்டும். சுணங்கி நிற்கும் தண்டில் ஒட்டு பிடிப்பது கஷ்டம். வேலியில் சும்மா கிடக்கிறதே என்று சதுரக்கள்ளியில் மட்டும் முயற்சி செய்யாதீர்கள். வெட்டினால் பால் வருகிற கள்ளிகள் வேறு குடும்பம், அவற்றில் கேக்டஸ் ஒட்டவே ஒட்டாது, பால் கண்ணில் பட்டால் பெரிய அவஸ்தை.

தமிழ்நாட்டில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இதற்கு நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம், அந்த ஈரக் காற்றில் வெட்டுக்காயம் காய்வதற்குள் பூஞ்சை வந்துவிடும். ஒட்டு கட்டுவதற்கு ஓரிரு நாள் முன்பு அடிச்செடிக்கு நன்றாகத் தண்ணீர் விட்டுவிடுங்கள்.

புது ஷேவிங் பிளேடை சானிடைசரில் துடைத்து, தண்டின் இளசான பகுதியில் ஒரே இழுப்பில் குறுக்கே வெட்டுங்கள். வெட்டிய முகத்தில் கொழகொழவென்று சாறு கசியும், நடுவில் சின்னதாக ஒரு வளையம் தெரியும். மேலும் கீழும் சாறு ஓடுகிற குழாய்கள் இருக்கும் இடம் அதுதான். வளையம் கட்டையாக, நார் தட்டுகிறதா? இன்னும் கொஞ்சம் மேலே, இளசாகப் பார்த்து வெட்டுங்கள். அப்புறம் மூன்று விளிம்புகளையும் பென்சில் சீவுவது போலச் சரிவாகச் சீவிவிட வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்த வேலையைத்தான். காயும்போது உள்சதை சுருங்கிக் கீழே இறங்கும், கெட்டியான தோல் மட்டும் நிமிர்ந்து நின்று மேலே வைத்த செடியைத் தூக்கிவிடும்.

மேல்செடியையும் அடியில் வெட்டி, தோல் விளிம்பைச் சீவிக்கொள்ளுங்கள். அதிலும் ஒரு வளையம் இருக்கும். கடைசியாக இரண்டு முகத்திலும் மெல்லிய ஒரு சீவல் எடுத்து, ஈரம் காய்வதற்குள் ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, லேசாகத் திருகி அழுத்திக் காற்றுக்குமிழிகளை வெளியேற்றுங்கள். செடி நடுவாக, அழகாக உட்கார்ந்திருக்கிறதா என்பது முக்கியமே இல்லை, இரண்டு வளையமும் எங்காவது ஓரிடத்தில் தொட்டுக்கொண்டே ஆக வேண்டும். ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்றால் மேல்செடியைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தி வையுங்கள், இரண்டு வளையமும் குறுக்கே வெட்டிக்கொள்ளும். பிறகு ரப்பர் பேண்ட் இரண்டை, செடியின் தலையிலிருந்து தொட்டியின் அடி வரை, கூட்டல் குறி போலப் போட்டுவிடுங்கள். செடி அசையாமல் இருக்க வேண்டும், ஆனால் நசுங்கக் கூடாது.

வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மண் காய்ந்தால் மண்ணுக்கு மட்டும் தண்ணீர், வெட்டிய இடத்தில் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. ஒரு வாரம், பத்து நாள் கழித்து ரப்பரைக் கழற்றலாம். மேல்செடி கெட்டியாக, பளபளப்பாக இருந்தால் பிடித்துவிட்டது. சுருங்கிக்கொண்டே போனால் காத்திருக்காதீர்கள், அழுகல் இல்லாவிட்டால் இரண்டையும் மறுபடி சீவி அன்றைக்கே திரும்பக் கட்டுங்கள். அடிச்செடியின் முள் கண்களில் வரும் துளிர்களை உடனே கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் சத்தெல்லாம் அங்கே போய்விடும்.

மண்ணைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். தூசி போகச் சலித்த பருமணல், செங்கல் துண்டு, கொஞ்சம் மண்புழு உரம் போதும். விட்ட தண்ணீர் தொட்டியில் தேங்காமல் வடிந்தால் சரி. தொட்டி மாற்றும்போது வேரில் வெள்ளையாக மாவு போல ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி, பழைய மண்ணை முழுக்கக் கழுவி எறிந்துவிட்டுப் புது மண்ணில் நடுங்கள்.

டிராகன் ஃப்ரூட் தண்டு சில வருடங்களில் கட்டை தட்டி ஓயும். அதற்கு முன்பே மேல்செடியை வெட்டி வேறு தண்டுக்கு மாற்றுங்கள்.

செடி வாங்கும்போது ஒன்று கேளுங்கள்: விதையிலிருந்து வளர்த்ததா? ஆஸ்டெரியாஸின் சொந்த ஊர் டெக்சஸும் வடகிழக்கு மெக்சிகோவும். சேகரிப்பவர்களுக்காகக் காட்டிலிருந்து தோண்டித் தோண்டியே அங்கே அது குறைந்துபோனது, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. தோண்டி வந்த செடி எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள். நாமே விதை எடுக்கலாமே: ஒரே செடியின் மகரந்தம் அதற்கே சேராது, எனவே தனித்தனி விதையில் முளைத்த இரண்டு செடிகள் ஒரே நாளில் பூக்கும்போது மெல்லிய பிரஷால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தடவிவிடுங்கள், காய் காய்ந்து வெடித்ததும் விதையைப் புதிதாகவே விதைத்துவிடுங்கள்.