பொன்னியின் செல்வனை முதல்முறை எடுப்பவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் ஊர் நூலகத்தில் உதவிக்கு உட்காருவேன். கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ நாவலைக் கேட்டு வருபவர்களில் பலர் முதல் பாகத்தோடு காணாமல் போய்விடுகிறார்கள். விசாரித்தால், நான் விழுந்த அதே குழிகளில்தான் விழுந்திருப்பார்கள்.

சுருக்கப் பதிப்பில் தொடங்குவது

இதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. கல்லூரி முதல் வருடம், ஒரு புத்தகக் கண்காட்சி. ஐந்து பாகங்களையும் பார்த்து மலைத்துப்போய், பக்கத்தில் இருந்த ஒல்லிப் புத்தகத்தை வாங்கினேன். இரண்டே நாள். அப்புறம் பத்து வருடம், யார் கேட்டாலும் “அதெல்லாம் படிச்சாச்சு” என்று சொல்லித் திரிந்தேன். உள்ளுக்குள், இதைப் போய் எதற்கு இப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று ஒரு எகத்தாளம் வேறு.

பிறகு கால் முறிந்து அத்தை வீட்டில் ஆறு வாரம் படுத்திருந்தேன். பரணில் இருந்து அத்தை ஒரு மூட்டையை இறக்கினார். கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வந்த தொடரை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்திருந்தார்கள். மணியத்தின் ஓவியங்களோடு. வேறு வேலை இல்லையே என்று பிரித்தேன்.

முதல் அத்தியாயத்தில் கதாநாயகன் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான். ஆடிப்பெருக்கு நாள். ஏரியின் 74 கணவாய்களிலும், அதாவது மதகுகளிலும், தண்ணீர் பாய்கிறது. ஜனங்கள் கூட்டாஞ்சோறும் சித்திரான்னமும் கொண்டுவந்து கமுகு மட்டையில் போட்டுச் சாப்பிடுகிறார்கள். என் ஒல்லிப் புத்தகத்தில் இது எப்படி இருந்தது தெரியுமா? “ஏரிக்கரை வழியாகக் கடம்பூருக்குச் சென்றான்.” அவ்வளவுதான். கமுகு மட்டையையே காணோம்!

மூன்றரை வருடம் வாரம் ஒன்றாக வந்த கதை அது. ஒவ்வொரு அத்தியாயமும் ஏதாவது ஒரு முடிச்சில் நம்மை நிறுத்திவிட்டுப் போகும். அந்தத் தவிப்பை வெட்டி எறிந்துவிட்டால் மிஞ்சுவது யார் யாருக்குப் பிள்ளை என்கிற பட்டியல்தான். கதை முழுக்கத் தெரிந்துபோனதால், பழுவூர் இளையராணி நந்தினி வாய் திறக்கும் இடங்களில் எனக்கு வரவேண்டிய திடுக்கிடல் ஒன்றுகூட வரவில்லை. அதை இனி யார் திருப்பித் தருவார்கள்?

போன வாரம்கூட ஒரு தம்பி, “சார், இது ஒரே புக்கா கிடைக்குமா?” என்றான். இல்லை என்று சொல்லி முதல் பாகத்தைக் கையில் திணித்தேன்.

பெயர்களை மனப்பாடம் செய்வது

பழுவூர்ச் சிற்றரசர்களான பழுவேட்டரையர் இரண்டு பேர், பெரியவர், சின்னவர். இது போதும்.

இலங்கை அத்தியாயங்களைத் தள்ளிவிடுவது

காடு, மழை, யானை என்று நீள்கிறதே என்று சிலர் புரட்டிவிடுகிறார்கள். சரி, ஆனால் பொன்னியின் செல்வரை, அதாவது பின்னாளில் ராஜராஜ சோழனான இளவரசர் அருள்மொழியை, வந்தியத்தேவன் முதலில் சந்திப்பதே அங்கேதான்.

படம் பார்த்துவிட்டு வருவது

தவறே இல்லை.

கொலையாளி யார் என்று கூகுளில் தேடுவது

அவருடைய அண்ணன், சோழப் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் பெயர்கள் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கின்றன. நாவல் தொடங்கும் அதே ஏரிக்குப் பக்கத்தில், காட்டுமன்னார்கோவிலில். கல்கி மட்டும் பிடிகொடுக்காமல் நழுவிவிடுகிறார். என்னிடம் வந்து கேட்காதீர்கள். நானும் அத்தையும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.